அரிப்பு நோட்டு

— மாரிண்ணா, இன்னிக்கி இன்னா கெழம?

— செவ்வாய், சிஸ்டர்.

— செவ்வாய். கரெக்ட். அப்ப புதங்கெழம காலையில ஒங்க பொண்ணு உலகுக்கு அரிப்பு ஒண்ணுனு எப்டி எழுதிகீறீங்க?

— எங்கன?

— தோ, இங்க. புதன் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வியாழன் காலையில ஒண்ணு, சாயங்காலம் சைபர். வெள்ளி, சனி, ஞாயித்துக்கெழம வரைக்கும் போவுது. இன்னும் விடியாத நாளுக்கெல்லாம் எம்மாம் அழகா எழுதிகீறீங்க.

— சிஸ்டர், ஒரு டீ குடிக்கீயளா? பால் இருக்கு.

— டீ வாணாம்.

— காலையில அவசரத்துல ஒரு வரி மாத்தி எழுதிருப்பேன்.

— ஒரு வரி இல்லண்ணா. இன்னிக்கி சாயங்காலத்தயும் சேத்து பதினோரு கட்டம். எண்ணிட்டுதான் கேக்கறேன்.

— மெதுவா பேசுவோமே. புள்ள வாசல்ல நிக்கா.

— உலகு, இங்க வாமா. கீழ என் ஸ்கூட்டி நிக்குது பாரு, அதுல ரத்தம் வெக்கற ஐஸ் பெட்டி கீது. நாய் வந்து மோந்துகினு நிக்கும். அத்தைக்காக கொஞ்ச நேரம் காவலு இருக்கியா?

— இருக்கேன் அத்த. நோட்ட பாத்து முடிச்சதும் ஆணியில மாட்டிருவீயளா?

— மாட்டிடறேன். படியில பாத்து எறங்கு.

— போய்ட்டா, சிஸ்டர்.

— இப்ப சொல்லுங்க.

— ஞாயித்துக்கெழம ஒக்காந்து வாரம் பூராத்துக்கும் எழுதிருவேன்.

— முன்னாடியேவா?

— முன்னாடியேதான்.

— இன்னாண்ணா இது. அரிப்பு வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு மார்க்கு போட்டுகினு கீறீங்களா?

— கம்பெனில அப்பிடித்தான் சிஸ்டர். எங்க லைன்ல மணிக்கு ஒருக்க ஒரு பீஸ எடுத்து அளந்து செக் ஷீட்டுல எழுதணும். எவன் அளக்கான்? மெஷின நிப்பாட்டுனா சூப்பர்வைசர் வந்து நிப்பாரு. அதனால ஷிப்ட் ஏறுன ஒடனே எட்டு மணி நேரத்துக்கும் நம்பர போட்டு வச்சிருவோம். எல்லாம் ஒண்ணு போல இருந்தா ஆடிட்காரன் புடிச்சிருவான்னு நடுவுல ஒண்ணு ரெண்ட ஏத்தி எறக்கி வைப்போம். ஏழு வருசமா பழகுன கையி. கட்டம் போட்ட காயிதத்தப் பாத்தாலே அதுவா எழுதிருது.

— அது இரும்பு. இது பொண்ணோட ஒடம்பு.

— தெரியும் சிஸ்டர்.

— தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க. இந்தா பாருங்க, ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி புள்ளைய பாத்து ஒரு நம்பர் போடணும். சைபர்னா அரிப்பே இல்ல. நாலுன்னா தோலு கிழியறாப்ல சொறியறா. அவ்ளோதான வேல? பித்தம் ஈரலவுட்டு எறங்காம ரத்தத்துல போயி கலக்குது. அதான அந்தப் புள்ளய உள்ளேர்ந்து அரிச்சுகினு கீது. இந்த மருந்து அத எறக்குதா இல்லையானு பாக்கறதுக்குதான் ஆறு மாசமா நானு வூடு வூடா ஏறி எறங்கிகினுகீறேன்.

— நீங்க திட்டுறது எல்லாத்தயும் வாங்கிக்கிடுதேன்.

— திட்டறதுக்கு எனக்கு டைம் இல்ல. எப்பத்துலேர்ந்து இது?

— மூணாவது மாசத்துலேர்ந்து. மொத ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் எழுதுனேன். திருப்பிப் பாருங்க. நாலு, நாலு, மூணு, நாலுன்னு இருக்கும். அம்புட்டும் நெசம். விடிஞ்சு பாத்தா விரிப்பெல்லாம் ரத்தம் தீத்தியிருக்கும். அவ அம்மை ஷிப்ட் போவுததுக்கு முன்னால அத அலசிப் போட்டுட்டுத்தான் போவா.

— அப்புறம் இன்னா ஆச்சு?

— அந்த ரெண்டாவது மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்லா. டாக்டரம்மா நோட்டப் பொரட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் கொறையலியேன்னாவ. மொகம் சுண்டிப் போச்சு அவியளுக்கு. வேற ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு பயம் வந்துட்டு.

— எதுக்கு?

— கழிச்சு விட்ருவாவன்னு.

— யார?

— எம் புள்ளையத்தான். நம்பர் எறங்கலன்னா இந்தப் புள்ளைக்கு மருந்து கேக்கலன்னு சொல்லி வெளிய அனுப்பிருவாவன்னு நெனச்சேன்.

— அப்டி யாரு சொன்னா ஒங்களாண்ட?

— யாரும் சொல்லல. அந்த வாரந்தான் எங்க லைன்ல டார்கெட் வரலன்னு சுடலையயும் இன்னும் மூணு பயலுவளையும் காண்ட்ராக்ட்காரன் நிப்பாட்டுனான். நாளைலேர்ந்து பஸ்ஸு ஏறாதீயன்னுட்டான், அம்புட்டுதான். சரியில்லாத பீஸ செவப்புப் பெட்டியில போடுவோம், ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாவ. எனக்கு அதுதான் கண்ணுல நின்னுச்சு. அன்னைக்கு வந்து எம் பொஞ்சாதி சுகப்பிரியாகிட்ட சொல்லி அழுதேன். நம்பர் எறங்கலன்னா நம்ம புள்ளைய கழிச்சிருவாவட்டின்னு. உலகு ஒறங்கிட்டான்னு நெனச்சு பேசிக்கிட்டு இருந்தோம்.

— அப்புறம் ஒக்காந்து எழுத ஆரமிச்சிட்டீங்க.

— ஒரேயடியா எறக்கல. ஒரு வாரம் மூணு. பொறவு ரெண்டு மூணுன்னு கலந்து. பொறவு ரெண்டு. இப்ப ஒண்ணு. சைபர இந்த வாரந்தான் மொதத் தடவையா போட்ருக்கேன்.

— சேர்றப்ப ஒரு ஃபார்ம் குடுத்தமே, பதினெட்டு பக்கம். அத படிச்சீங்களா?

— எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து போட்டேன்.

— படிச்சீங்களானு கேட்டேன்.

— கம்பெனில ட்ரெய்னிங் முடிஞ்சதா பேப்பரு நீட்டுவாவ. நாங்க போட்டுக் குடுப்போம். அப்பிடித்தான் இதுலயும் போட்டேன்.

— நான் வாயாலயும் சொன்னனே, இதே எடத்துல ஒக்காந்துகினு.

— சொன்னீய. மூத்தவன் நெனப்பாவே இருந்துச்சு எனக்கு அன்னைக்கு. நீங்க பேசுனதுல பாதி காதுல ஏறல.

— சரி, இப்ப ஏத்திக்கோங்க. ஒங்களுக்கு குடுத்துகீற டப்பாவுல மருந்து கீதா, வெறும் மாவு கீதானு எனக்குந் தெரியாது, டாக்டருக்குந் தெரியாது. கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கிப் போட்டு பாதி கொழந்தைங்களுக்கு மருந்து போவும், பாதிக்கு மாவு போவும். அப்பதான் மருந்து வேல செய்யறதா இல்லியானு மெய்யாலுமே தெரியும்.

— அது தெரியும் சிஸ்டர். காலையில குளுகைய ஒடச்சு தயிர்ச்சோத்துல தூவும்போதெல்லாம் மோந்து பாப்பேன். மருந்து வாடை அடிக்குதான்னு.

— அதுக்கு அப்புறம் இன்னா சொன்னேன்? ஆறு மாசத்துக்கு அப்புறமும் அரிப்பு எறங்காத கொழந்தைய அப்டியே வுடக் கூடாது. அந்தக் கொழந்தைக்கு சீட்டும் கெடையாது, மாவும் கெடையாது. நிச்சயமா மருந்து உள்ள டப்பாவ எடுத்துக் குடுத்துடணும். பன்னெண்டாம் பக்கத்துல கீது. ரூல்.

— எறங்காத கொழந்தைக்கா?

— எறங்காத கொழந்தைக்குதான்.

— எறங்கிருந்தா?

— எறங்கிருந்தா அதே டப்பாவ தொடரணும். இன்னும் ஆறு மாசம். நாளைக்கு ஒங்க பொண்ணுக்கு ஆறு மாசம் முடியுது. டாக்டரம்மா இந்த நோட்ட பாத்துட்டுதான் எந்த டப்பானு எழுதப் போறாங்க.

— இந்த நோட்ட பாத்துட்டா?

— ஆமாண்ணா, இத பாத்துட்டுதான்.

— நாலு எழுதியிருந்தா நாளைக்கு மருந்து கெடச்சிருக்கும். அதத்தான சொல்லுதீய.

— நெசத்த எழுதியிருந்தா.

— மூத்தவன் மூணு வயசுல போனான் சிஸ்டர். கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடந்துச்சு, காமாலைன்னு நெனச்சு கீழாநெல்லி அரச்சு ஊத்துனோம். உப்பு சேக்காம, எண்ண சேக்காம, வீடே பத்தியம் இருந்தோம். அவனும் இப்பிடித்தான் சொறிவான். சொறியாதலேன்னு கையில அடிச்சிருக்கேன். அது தெரியாம செஞ்சது. சொந்தத்துல கலியாணம் கெட்டுனது, எங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் பாதிப் பாதி இருந்து புள்ளைக்கு முழுசா எறங்கிட்டுன்னு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாவ. அதயும் நாங்க கேட்டு வாங்கல. ஆனா இத நானே பேனா புடிச்சு எழுதிருக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், குளிச்சு சாமி கும்பிட்டுட்டு ஒக்காந்து எழுதிருக்கேன்.

— ஒங்கள மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்ல. தோ, ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ பாருங்க. யாரு கையெழுத்து அது?

— ஒங்களுது.

— சரிபாத்தேன்னு போட்டுகீது. எங்க சரிபாத்தேன்? எனக்கு பதினோரு கொழந்தைங்க. ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டு, அந்தப் பக்கம் காஞ்சிபுரம் வரைக்கும் போவணும். மாத்திரைய எண்றது, ரத்தம் எடுக்கறது, ஐஸ் கரையறதுக்குள்ள கொண்டுபோயி சேக்கறது. நோட்டுல கட்டம் ரொம்பிகீதானு பாப்பேன். ரொம்பியிருந்தா கையெழுத்து. இன்னிக்கி லாரி குறுக்க நின்னு ஒரு மணி நேரம் ரோட்ல ஒக்காந்துகினு இருந்தேன், பொழுது போவலனு போன மாசத்து நோட்டு ஜெராக்ஸ படிச்சேன். ஈரல் டெஸ்ட்டு ஒரு புள்ளி எறங்கல, நோட்டு மட்டும் எறங்கிகினே போவுது. அப்பதான் ஒறச்சுது. லாரி நிக்கலைன்னா இன்னிக்கும் கையெழுத்து போட்டுகினு போயிருப்பேன்.

— நீங்க எங்களுக்கு எம்புட்டோ செஞ்சிருக்கீய.

— அத வுடுங்க. இப்ப இன்னா பண்றது சொல்லுங்க. நாளைக்கு காலையில டாக்டராண்ட சொல்லியாவணும்.

— சொன்னா கழிச்சு விட்ருவாவளா?

— திருப்பி அதே வார்த்தையா? எனக்குத் தெரியாதுண்ணா. நோட்டு பொய்யினு தெரிஞ்சா மருந்து கம்பெனிக்கு எழுதிப் போடுவாங்க. அவங்க வெச்சுக்கலாம், வாணான்னும் சொல்லலாம். அது என் கையில இல்ல. ஆனா சொல்லாம வுட்டா, மாவு டப்பாவா இருந்துதுன்னா இன்னும் ஆறு மாசம் அந்தப் புள்ள மாவு துன்னும். அந்த ஈரல் தாங்குமானு யோசிங்க.

— சிஸ்டர், ஒண்ணு சொல்லுதேன். நீங்க நம்ப மாட்டீய.

— சொல்லுங்க.

— நான் பொய்யா எழுதுனதுதான். ஆனா அது நெசமாயிட்டு.

— இன்னா?

— ரெண்டு மாசமா அவ சொறியல. என் மூத்தவன் மேல சத்தியமா சொல்லுதேன். நான் நைட் ஷிப்ட் இல்லாத வாரமெல்லாம் பக்கத்துலதான் படுத்துக்கிட்டு பாக்கேன். மொத மாதிரி பொரளுதது கெடயாது. ரத்தம் கெடயாது. அவ அம்மைகிட்ட கேளுங்க, விரிப்ப அலசியே எத்தன நாளாச்சுன்னு. நான் எழுதுன மாதிரியே ஒவ்வொண்ணா எறங்கிட்டே வந்துச்சு. எனக்கே பயமா இருந்துச்சு. சாமி எம் பொய்ய காப்பாத்துதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

— ஈரல் டெஸ்ட்டு எறங்கலியேண்ணா.

— எனக்கு டெஸ்ட்டு தெரியாது. எம் புள்ள தெரியும். ஒரு கொற உண்டுமின்னா, குளிக்கப் போனா வர மாட்டா. தண்ணிய மோந்து மோந்து ஊத்திக்கிட்டு நிப்பா. வீட்டுக்காரரு கன்னியப்பன் டேங்கு காலியாவுதுன்னு மேலேர்ந்து சத்தம் போடுதாரு. வெயிலுக்கு நிக்கான்னு நானும் விட்டுட்டேன்.

— சில கொழந்தைங்களுக்கு அரிப்புதான் மொதல்ல எறங்கும், ஈரலு அப்புறமாதான் கேக்கும்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க. அந்த மாதிரி ரெண்டு கேசு வெளியூர்ல கீதாம்.

— அப்ப இருக்கும்லா?

— இருக்கலாம். ஒங்க வாயால கேட்டா ஆவாது. புள்ளைய நானே பாக்கறேன். உலகு. உலகு, மேல வாமா.

— நாய் வரல அத்த.

— வரலியா, நல்லதாப் போச்சு. கைய நீட்டு. நெகத்த யாரு இப்டி ஒட்ட வெட்டிவுட்டது?

— நானே வெட்டிக்கிட்டேன்.

— சமத்து. திரும்பு, முதுக பாக்கறேன். கால காட்டு. அண்ணா, மெய்யாலுமே ஆறிதான் கீது. இதெல்லாம் பழைய தழும்பு. புதுசா கிழிச்சது ஒண்ணுங் காணோம்.

— நாஞ் சொன்னேன்லா.

— இருங்க. உலகு, அத்தையாண்ட நெசத்த சொல்லணும். பொய் சொன்னா அத்தைக்கு கோவம் வராது, ஆனா ஒனக்கு மருந்து தப்பாப் போயிடும். சரியா? இன்னிக்கி காலையில எம்மாம் சொறிஞ்ச?

— ஒண்ணு.

— ஒண்ணுன்னா?

— கொஞ்சூண்டு.

— நேத்து?

— காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு.

— எம்மாம் கரெக்டா சொல்றா. நோட்டும் அதான் சொல்லுது. அப்பா சொல்லிக் குடுத்தாராமா ஒனக்கு?

— இல்ல அத்த. அப்பா ஒண்ணும் சொல்லல. சத்தியமா அவ்ளோதான் சொறிஞ்சேன்.

— முன்னாடி நாலு, நாலுனு கஷ்டப்பட்டியே. இப்ப பரவால்லியா?

— இப்ப நல்லாருக்கேன். மருந்து நல்லா கேக்குது அத்த. என்னைய கழிக்க மாட்டாவல்லா?

— சீ, யாரும் ஒன்ன கழிக்க மாட்டாங்க. ஒங்கப்பா பேச்சு ஒனக்கும் ஒட்டிகிச்சா? ஏன் அழுவறீங்கண்ணா, புள்ள முன்னாடி.

— அழல சிஸ்டர். இனிமே நிம்மதியா ஒறங்குவேன்.

— எனக்கும் இப்பதான் மூச்சு வருது. இந்தா பாருங்க. நாளைக்கு டாக்டராண்ட நான் மறைக்க மாட்டேன். இவுரு முன்னாடியே எழுதி வெச்சாரு, நானும் பாக்காம கையெழுத்து போட்டேன்னு சொல்லிடுவேன். திட்டு வாங்கிக்கறேன். ஆனா புள்ளைய என் கண்ணால பாத்தேன், என் காதால கேட்டேன், மெய்யாலுமே எறங்கிகீதுன்னு சேத்து சொல்வேன். என் பேச்ச நம்புவாங்க. அதே டப்பாவையே தொடர சொல்லுவாங்க.

— அப்ப அந்த டப்பாவுல மருந்துதான் இருக்கு. அப்பிடித்தான?

— எனக்குத் தெரியாதுனு சொன்னேனே. ஆனா எறங்கிகீதுன்னா வேற இன்னாவா இருக்கும்?

— சுகப்பிரியா மூணு மணிக்கு வருவா. வந்த ஒடனே சொல்லணும்.

— மொதல்ல இத முடிங்க. பேனா எடுங்க. இந்தப் பதினோரு கட்டத்தயும் அடிங்க. கிறுக்கக் கூடாது, ஒத்தக் கோடு. அடியில இருக்கற நம்பர் தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி.

— கம்பெனிலயும் இதே ரூல்தான் சிஸ்டர்.

— அந்த ரூலயாச்சும் ஒழுங்கா பண்ணுங்க. இன்னிக்கி சாயங்காலம் நீங்க ஷிப்ட்ல இருப்பீங்க. சுகப்பிரியா அக்காவ பாத்து எழுத சொல்லுங்க. நாளைலேர்ந்து அன்னன்னிக்கி, புள்ளைய பாத்துட்டு.

— இனிமே ஒரு நம்பர் முன்னாடி எழுத மாட்டேன். பஸ்ஸு ஒண்ணே முக்காலுக்கு வந்துரும், அதுக்குள்ள அடிச்சிருதேன். இன்னைக்கு சாயங்காலம் ஒரு கட்டம், புதன் ரெண்டு. வியாழன் ரெண்டு.

— அப்பா, எதுக்கு அத அடிக்கீய?

— அது தப்பா எழுதுனது தாயி.

— வெள்ளிக்கெழமையுமா?

— எல்லாத்தயும். ஞாயித்துக்கெழம வரைக்கும்.

— நம்பர் இல்லன்னா, நாளைக்கு நான் எம்புட்டு சொறியலாம்னு எனக்கு எப்பிடிப்பா தெரியும்?